ஃபிட்டருக்கு மட்டும் ஒரு வட்டம்

பந்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் இளங்கோ அவர்களுக்கு விழக் கற்றுக்கொடுத்தான். கம்பெனிக்குப் பின்னால் விதைக்காமல் கிடந்த சோளக்காட்டை ஜேசிபி விட்டு மட்டப்படுத்தி, கல் பொறுக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். செம்மண் இறுகிப்போய்க் கிடந்தது. அதில் தோளை உருட்டி விழ வேண்டும், கையை ஊன்றக் கூடாது. ஊன்றியவர்களுக்கு முதல் நாளே மணிக்கட்டு வீங்கியது. விழுந்த வேகத்தில் எழ வேண்டும். எழாதவன் மேல் அடுத்தவன் வந்து விழுந்தான்.

அது 2007. திருப்பூரில் இருந்த அந்தக் கம்பெனி வெளிநாட்டு ரக்பி கிளப்புகளுக்குப் பட்டைக் கோடு போட்ட காலர் பனியன்கள் தைத்து அனுப்பிக்கொண்டிருந்தது. சரக்கைப் பார்க்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவர், இதைத் தைக்கிறவர்கள் அந்த ஆட்டத்தை ஆடிப் பார்த்ததுண்டா என்று பேச்சுவாக்கில் கேட்டுவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் பந்துகளும், மோதிப் பழகுவதற்கான கனத்த பைகளும் பார்சலில் வந்து இறங்கின. தை மாதம் சென்னையில் கம்பெனிகளுக்கிடையே எழுவர் ஆட்டப் போட்டி இருப்பது தெரிந்ததும் முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. செக்யூரிட்டி ஆபீசர் இளங்கோ ராணுவத்தில் இருந்தபோது ரக்பி ஆடியவன் என்று யாரோ சொன்னார்கள். முதலாளி அவனைக் கூப்பிட்டு அணியை ஒப்படைத்தார்.

ஷிஃப்டுக்கு முன்னால் விடியற்காலையிலும், ஞாயிற்றுக்கிழமை முழுக் காலையிலும் பயிற்சி. வந்தவர்கள் பெரும்பாலும் கபடி ஆடியவர்கள். அயர்னிங் செக்சன் கலீல் மெலிந்தவன், ஓட ஆரம்பித்தால் பிடிக்க முடியாது. இளங்கோ அவனைக் கேப்டன் ஆக்கினான். சாயப்பட்டறையில் மூட்டை தூக்கும் வெள்ளையன் எருமைக்கிடா மாதிரி இருப்பான். நகக்கண்ணில் எப்போதும் நீலச் சாயம். சொன்னதைச் செய்வான், ஏன் என்று கேட்க மாட்டான்.

இளங்கோ நன்றாகவே கற்றுக்கொடுத்தான். பந்தை முன்னால் எறியக் கூடாது, பின்னால் வருகிறவனுக்குத்தான் கொடுக்கலாம் என்பதே அவர்களுக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. இரண்டு பேரை ஓடவிட்டு எதிரில் ஒருவனை நிறுத்துவான். தடுக்க நிற்பவன் காலை ஊன்றித் தோளை உன் பக்கம் திருப்பும் வரைக்கும் பந்தை விடாதே, திருப்பியதும் கூட்டாளிக்குக் கொடு, அடி உனக்கு விழும், கோடு அவன் தாண்டுவான் என்பான். தடுப்பாட்டம் என்றால் ஏழு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, விசில் அடித்ததும் ஒன்றாக முன்னேறச் செய்வான். ஒருவன் முந்தினால் அவனுக்குப் பக்கத்தில் சந்து விழும். அந்தச் சந்தில் தானே பந்தோடு புகுந்து, முந்தியவனைத் திரும்பிப் பார்க்கச் சொல்வான்.

ஆளைச் சாய்க்கும் பயிற்சிக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டான். சாய்க்கிறவன் தலை, ஓடிவருகிறவனின் இடுப்புக்குப் பின்னால் போக வேண்டும், முன்னால் வைத்தால் கழுத்து போகும். தோள் முதலில் படவேண்டும். இரண்டு கையாலும் தொடையைக் கட்டிப் பிடித்து, காலை உதைத்துக்கொண்டே போக வேண்டும். கழுத்துக்கு மேல் கை போனால் அன்றைக்கு அவன் வீட்டுக்குப் போகலாம். மூக்கு உடைந்தது, உதடு கிழிந்தது. செம்மண்ணும் ரத்தமும் சேர்ந்து பனியனில் காய்ந்தன. ஆனால் கெட்ட அடி என்று ஒன்று யாருக்கும் விழவில்லை.

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மைதானத்து ஓரத்தில் புதிதாக ஒருவன் வந்து நின்றான். துணி பின்னும் நிட்டிங் செக்சனுக்கு வந்திருக்கும் மெஷின் ஃபிட்டர், காங்கேயத்துக்காரன் என்று கலீல் சொன்னான். இளங்கோவுக்கு அவனை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவன் தமிழ்செல்வன். இளங்கோவின் தங்கை நிர்மலாவின் புருஷன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று ஆரம்பித்த சண்டையில், தமிழ்செல்வன் நிர்மலாவின் இடது கையைக் கதவு இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். ஒரு முறை அல்ல. அதற்கு முன்னாலும் அடித்திருக்கிறான், அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கையோடு பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. நல்ல டெய்லராக இருந்தவளுக்கு மூன்று விரல்கள் மடங்காமல் போயின. இப்போது அவிநாசிப் பக்கம் வேறொரு கம்பெனியில் தைத்து வரும் துணியில் குறை பார்க்கும் பீஸ் செக்கிங் வேலை பார்க்கிறாள். இளங்கோ அப்போது ராணுவத்திலிருந்து லீவில் வந்திருந்தான். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று அவள் கிளம்பியபோது தடுத்தவன் அவன்தான். குடும்ப விஷயம் வெளியே போக வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

தமிழ்செல்வன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்தான்.

"மச்சான், எனக்கும் ஆடோணுமுங்க."

போ என்று சொல்லியிருக்கலாம். இளங்கோவுக்கு அந்த நினைப்பு வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. "வாங்க மாப்பிள்ளை" என்றான். அவர்கள் இரண்டு பேருக்கும் கேட்கும் சத்தத்தில் மட்டும்.

மற்றவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்த விழுதலை அவனுக்கு மட்டும் இளங்கோ கற்றுக்கொடுக்கவில்லை. வந்த அன்றைக்கே பந்தைக் கொடுத்து, குறுகலான ஒரு பாதையில் ஓடச் சொன்னான். எதிரில் வெள்ளையனை நிறுத்தினான். மோதிய சத்தம் ஈரத் துணிமூட்டையை லாரியிலிருந்து தள்ளியது போலக் கேட்டது. தமிழ்செல்வன் மல்லாந்து விழுந்தான். பின்மண்டை தரையில் பட்டது. வாயைத் திறந்து திறந்து மூடினான், மூச்சு வரவில்லை. வந்ததும் எழுந்தான். இளங்கோ மறுபடியும் பந்தைக் கொடுத்தான்.

அதன்பிறகு எந்தப் பயிற்சியானாலும் அடி வாங்கும் இடம் ஃபிட்டருக்குத்தான். தாக்கிப் பழகும்போது பந்து அவன் கையில். தடுத்துப் பழகும்போது எதிர்வரிசையில் வெள்ளையனுக்கு நேரே அவன். ராணுவத்தில் கற்ற சின்னச் சின்ன வித்தைகள் எல்லாம் இளங்கோவுக்கு நினைவு வந்தன. பந்து கைக்கு வருவதற்கு ஒரு கணம் முன்னால் மோதினால் ஆள் இறுகிக்கொள்ள நேரம் இருக்காது. தோளை விலா எலும்புக்கு அடியில் செலுத்தித் தூக்கினால் நாள் முழுக்கச் சோறு இறங்காது. இதைச் செய்து காட்ட அவனே ஓடினான். தோள் அந்த உடம்பில் புதையும்போது அவனுக்கு ஒரு சுகம் இருந்தது. அது தெரிந்தும் மறுநாளும் ஓடினான்.

வீட்டில் இதை அவன் சொல்லவில்லை. தமிழ்செல்வன் அதே கம்பெனிக்கு வந்திருப்பதையே சொல்லவில்லை. சாப்பிடும்போது நிர்மலா வலது கையால் தட்டை நகர்த்தி, இடது கையை மடியில் வைத்துக்கொள்வதைப் பார்ப்பான். முன்பெல்லாம் அதைப் பார்த்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவான். இப்போது மறுசோறு வாங்கிச் சாப்பிட்டான். நன்றாகத் தூங்கினான்.

தமிழ்செல்வன் ஒரு நாளும் நிற்கவில்லை. முறையிடவும் இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், ஒரு காலை இழுத்துக்கொண்டு மறுநாள் வந்து நின்றான். எப்படி விழுவது என்பதைக் கலீல் அவனைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தான். கார்த்திகை பிறந்தபோது மற்றவர்களுக்கு அவன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. டீ குடிக்கும்போது அவனுக்கு முதலில் கொடுத்தார்கள். இளங்கோவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டிருந்தான். பந்துக்காகப் பாய்ந்தவர்களின் குவியலில் பேக்கிங் செக்சன் ஆள் ஒருவன் கீழே கிடந்தான். விசில் அடித்தாகிவிட்டது. எல்லோரும் எழுந்தார்கள். தமிழ்செல்வன் எழும்போது கீழே கிடந்தவனின் கைவிரல்கள்மேல் முழங்காலை வைத்து, உடம்பு எடை முழுவதையும் அதில் ஏற்றி, மெதுவாக எழுந்தான். கீழே கிடந்தவன் அலறினான். தமிழ்செல்வன் அவனைப் பார்க்கவில்லை. இளங்கோவைப் பார்த்தான்.

இளங்கோ எல்லோரையும் வட்டமாக நிற்கச் சொன்னான். ஃபிட்டரை நடுவில் நிறுத்தினான். பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், கூப்பிட்டவன் ஓடிவந்து சாய்க்க வேண்டும், எழுந்ததும் அடுத்தவன் என்றான். முதலில் கூப்பிட்டவர்கள் வந்தார்கள், சாய்த்தார்கள். ஃபிட்டர் எழுந்தான். பெயர்கள் சீக்கிரம் சீக்கிரமாக வந்தன. முகத்தைத் திருப்புவதற்குள் முதுகில் மோதினார்கள், முதுகைத் திருப்புவதற்குள் பக்கவாட்டில். வாயிலிருந்து ரத்தம் ஒழுகிக் கழுத்தில் இறங்கியது. வெள்ளையன் மோதியபோது வட்டத்தின் விளிம்பு வரைக்கும் போய் விழுந்தான். அங்கே நின்றவர்கள் தூக்கி நடுவில் விட்டார்கள்.

இளங்கோ கலீலைக் கூப்பிட்டான். கலீல் நகரவில்லை. மறுபடியும் கூப்பிட்டான்.

"இது ஆட்டம் இல்லீங்க சார்" என்றான் கலீல். "எனக்கு என்னன்னு தெரியாது. ஆனா இது ஆட்டம் இல்லை."

சிலர் தரையைப் பார்த்தார்கள். கலீல் வட்டத்தை விட்டு வெளியே போய் நின்றான். இளங்கோ விசிலைக் கழற்றிப் போட்டுவிட்டு அவனே ஓடினான்.

தமிழ்செல்வனால் அப்போது கையைத் தூக்க முடியவில்லை. நேராக நின்றுகொண்டிருந்தான், அவ்வளவுதான். இளங்கோவின் தோள் இடது விலாவுக்கு அடியில் இறங்கியது. தரையிலிருந்து தூக்கி, தன் எடையோடு சேர்த்து அவனைக் கீழே போட்டான். உள்ளே ஏதோ இற்றுப்போனதைத் தோள் உணர்ந்தது. எலும்பு முறிகிற மாதிரி இல்லை, அதைவிட மெதுவாக.

தமிழ்செல்வன் எழுந்து நடந்தே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். தண்ணீர் குடித்தான். இடது தோள் வலிக்கிறது என்றான். அங்கே அடிபடவே இல்லையே என்று யாரோ கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் சுண்ணாம்பு நிறத்துக்கு வந்தது. குடித்த தண்ணீரை வாந்தி எடுத்தான். எழப் பார்த்தவன் மடங்கிச் சரிந்தான்.

கம்பெனி வேனில் போட்டுக் கோயம்புத்தூருக்கு ஓட்டினார்கள். பின்சீட்டில் அவன் தலை கலீலின் மடியில் இருந்தது. வயிறு கல்லாக இறுகிக்கொண்டே வந்தது. மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறது, எடுத்தாக வேண்டும், சொந்தக்காரர் யார் வந்திருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். இளங்கோ வாயைத் திறக்கவில்லை. தமிழ்செல்வனின் சட்டைப் பையில் இருந்த செல்போனில் 'வீடு' என்று இருந்த எண்ணைக் கலீல் அழுத்தினான். பிரிந்து போன நிர்மலாவின் எண்ணைத் தமிழ்செல்வன் இன்னும் அந்தப் பெயரில்தான் வைத்திருந்தான். எடுத்தவளிடம் கலீல் விவரம் சொன்னான். அவள் கேட்ட கேள்விகளிலிருந்துதான், அவள் யார் மனைவி, யார் தங்கை என்பது அவனுக்குத் தெரிந்தது. பேசி முடித்துவிட்டு இளங்கோவைப் பார்த்தான்.

நிர்மலா பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். கையெழுத்துப் போட்டாள். அண்ணன் பக்கத்தில் உட்காரவில்லை. ஆபரேஷன் முடியும்வரை எதிர்ப் பெஞ்சில் இருந்தாள். என்ன நடந்தது என்று அவள் கேட்டது கலீலிடம். அவன் ஐப்பசியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். இளங்கோவுக்குக் கேட்கும்படியாகவே சொன்னான்.

தமிழ்செல்வன் பிழைத்துக்கொண்டான். இரண்டு நாள் கழித்து வார்டுக்கு மாற்றினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லியனுப்பி ஒரு போலீஸ்காரர் வந்து விசாரித்தார். ஆட்டத்தில் பட்டது என்றான் தமிழ்செல்வன். எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார். அதன்பிறகு அவன் இளங்கோவைக் கிட்டே வரச் சொன்னான். நிர்மலா கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் உங்களைக் காட்டிக் குடுக்கலீங்க மச்சான்" என்றான். குரல் தேய்ந்திருந்தது. "அந்தக் கம்பெனிக்கு வந்ததே இதுக்குத்தானுங்க. உங்க கோவம் தீர்ற வரைக்கும் அடிக்கட்டும்னுதான் நின்னேன். அடிச்சிட்டீங்க. நான் அவ கையை எடுத்தேன், நீங்க என் வயித்துல இருந்து ஒண்ணை எடுத்துட்டீங்க. இதோட செரியாப் போச்சுங்க. இனி அவளை ஊட்டுக்கு அனுப்பி வெய்யுங்க."

இளங்கோ தரையைப் பார்த்தான். மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கணக்கு அவன் மனதிலும் அப்படியேதான் இருந்தது. அடிக்கு அடி என்று அவனும்தான் தூங்கியிருக்கிறான். எங்கே பிழை என்று தேடிக்கொண்டு நின்றான்.

"அண்ணா" என்றாள் நிர்மலா. "ஏன் பதில் சொல்லலீங்க?"

இளங்கோ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னைக்கு ஸ்டேசனுக்குப் போறேன்னேன். நான் பாத்துக்கறேன்னு சொல்லி உக்கார வெச்சீங்க. நீங்க பாத்துக்கிட்டது இதுதானுங்களா?" அவள் குரல் உயரவில்லை. "எனக்கு ஒடஞ்சது. எனக்குத் தெரியாம நீங்க ரண்டு பேரும் அதைப் பேசித் தீர்த்துக்கறீங்க. இவரு மோளம் அடிச்சுக் கூட்டிட்டுப் போனப்பவும் என்னைக் கேக்கலை, இப்பவும் கேக்கலை."

தமிழ்செல்வன் தலையணையில் தலையைத் திருப்பினான். போலீசைத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னால் உன் அண்ணன் உள்ளே போவான், தெரியுமா என்றான்.

"நீங்க கூப்பிட வேண்டாமுங்க. நானே போறேன்."

அன்றைக்குச் சாயங்காலமே திருப்பூர் திரும்பி மகளிர் காவல் நிலையத்துக்குப் போனாள். கை உடைந்தபோது எடுத்த எக்ஸ்ரேயை அவள் டிரங்குப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தாள். புருஷன் செய்ததைச் சொன்னாள். அதைச் சொல்லி முடித்துவிட்டு மைதானத்தில் நடந்ததையும் சொன்னாள். இது உங்கள் அண்ணன் மேலேயும் வருமே, யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டார். யோசித்துத்தான் என்றாள்.

இளங்கோவுக்கு ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வருவதற்கு முன்னால் கம்பெனி மேனேஜர் அவனைக் கூப்பிட்டார். பயிற்சியில் நடந்த விபத்து என்று சொன்னால் போதும், வக்கீல் தயாராக இருக்கிறார், ஆட்டக்காரர்களிடமும் சொல்லியாகிவிட்டது, கலீல் ஒருவன்தான் முரண்டு பிடிக்கிறான், அவனை நாளைக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிடலாம் என்றார். இளங்கோ கேட்டுக்கொண்டான். வெளியே வந்தவன் நிட்டிங் செக்சனைக் கடந்து போனான். மெஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பஞ்சுத் தூசி காற்றில் மிதந்தது. ஒரு மெஷின்மட்டும் நின்று கிடந்தது, பழுது பார்க்க ஆள் இல்லாமல்.

ஸ்டேஷனில் எழுத்தர் பேனாவைத் திறந்துகொண்டே, விளையாட்டில் பட்டதா, அடித்ததா என்று கேட்டார். வக்கீல் பக்கத்தில் நின்றார்.

"அடிச்சதுதானுங்க" என்றான் இளங்கோ. "ஆடத் தெரியாதவனை ஆட்டம்னு சொல்லி நிறுத்தி அடிச்சேன். மத்தவங்க நான் சொல்லித்தான் செஞ்சாங்க. கலீல் மாட்டேன்னுட்டான்."

வக்கீல் அவன் தோளைத் தொட்டார். இளங்கோ திரும்பவில்லை. எழுத்தர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார். ஜாமீனில் வெளியே வர மறுநாள் ஆனது. வேலை போனது. இளங்கோவின் வாக்குமூலத்தில் பெயர் இருந்ததால் கலீலை வேலையை விட்டு அனுப்பக் கம்பெனி தயங்கியது, பிறகு அப்படியே விட்டுவிட்டது.

மார்கழியில் ஒருநாள் கலீல் இளங்கோவைத் தேடி வந்தான். புருவத்தில் தையல் போட்டிருந்தது. சென்னைக்குப் போவதற்குள் ஒரு வாரமாவது வந்து சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டான். தடுப்பு வரிசை இரண்டாவது தாக்குதலில் உடைந்து போகிறது, ஏன் என்று புரியவில்லை என்றான். விழுந்தவர்கள் எழுந்து ஒரே பக்கமாக ஓடுகிறார்கள், பந்து கிடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கச் சொல் என்றான் இளங்கோ. மைதானத்துக்கு மட்டும் வர மறுத்தான். கலீல் வற்புறுத்தியபோது, "அங்க வந்தா எனக்குத் தோள் அரிக்கும் கலீலு" என்றான். கலீல் அதற்குப் பிறகு கேட்கவில்லை. சென்னையில் எல்லா ஆட்டத்திலும் தோற்றார்கள். வெள்ளையனுக்கு ஒரு பல் போனது. எதிரணியில் இரண்டு பேரை அவன் சுத்தமாகச் சாய்த்தான், கழுத்துக்குக் கீழே, கட்டிப் பிடித்து.

தமிழ்செல்வன் உடம்பு தேறிக் காங்கேயத்துக்கே போய்விட்டான். அவன்மேல் ஒரு வழக்கு, இளங்கோமேல் ஒரு வழக்கு, விவாகரத்துக்கு ஒன்று. வாய்தாக்கள் ஆரம்பித்தன. முதல் இரண்டிலும் நிர்மலா சாட்சி. கோர்ட் வராந்தாவில் அந்த இரண்டு ஆண்களும் வேறு வேறு தூணருகில் நிற்பார்கள். அவள் நடுவில் வந்து வக்கீலிடம் பேசிவிட்டு, இரண்டு பேரையும் பார்க்காமல் வேலைக்குப் போவாள்.

பொங்கல் முடிந்த வாரத்தில் அவள் அண்ணன் வீட்டை விட்டுக் கிளம்பினாள். கூட வேலை பார்க்கும் பெண்கள் இரண்டு பேரோடு அவிநாசியில் ஓர் அறை எடுத்திருந்தாள். இளங்கோ டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, அறை வரைக்கும் வந்து வைத்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டான்.

"வேண்டாமுங்கண்ணா. அங்க நாங்க மூணு பேரு இருக்கோம், தூக்கிக்குவோம்."

நான் செய்தது தப்பு என்று சொல்ல அவன் பல நாளாக நினைத்திருந்தான். அப்போது சொன்னான். நிர்மலா கேட்டுக்கொண்டாள். ரோட்டில் பனியன் மூட்டைகள் ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டிருந்தன. "உங்களுக்கு அடிக்கறப்ப நல்லா இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு."

அவள் தலையை ஆட்டினாள். கோபமா வருத்தமா என்று அவனுக்குத் தெரியவில்லை. பஸ் வந்தது. பெட்டியைப் படியில் ஏற்றிவிட்டான். அவள் அதை வலது கையாலும் இடது முழங்கையாலுமாக அணைத்து உள்ளே இழுத்துக்கொண்டாள். ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்ததும், அடுத்த வாய்தா புதன்கிழமை, நேரத்துக்கு வந்துவிடுங்கள் என்றாள்.

வந்துவிடுகிறேன் என்றான்.